ஓய்வுநாளும் ஓவர்டைமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேரத்தை வீணாக்காமல் முன்னேறுவது எப்படி என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விடியற்காலையில் எழுவது, மறுநாள் வேலைகளை முதல் நாள் இரவே எழுதி வைப்பது, கைப்பேசியைத் தள்ளி வைப்பது ஆகிய யோசனைகளில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளும்படி பைபிளில் அப்போஸ்தலன் பவுல் எபேசு சபையாருக்கு எழுதியதை, ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்ததைக் கிறிஸ்தவ வாசகன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

அது ஐந்தாம் அதிகாரத்தின் 16ஆம் வசனம். அதைத் தொடர்ந்து பவுல் உழைப்பைக் கூட்டுவது பற்றியோ வருமானத்தைப் பெருக்குவது பற்றியோ பேசவில்லை. குடித்து வெறிகொள்ளாதிருப்பது, சங்கீதங்களைப் பாடுவது, நன்றி செலுத்துவது என்று தொடங்கி, கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும், எஜமானும் வேலைக்காரனும் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் அடுத்த அதிகாரம் வரை விரிவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். காலத்தின் பயனை அவர் தேடியது வீட்டுக்குள்.

பினாங்கில் வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியது முதல், தீவிலும் எதிர்க்கரையிலுள்ள பிறை நகரிலும் நம் குடும்பங்களில் இரண்டு தலைமுறை ஷிப்ட் கணக்கிலேயே வளர்ந்துவிட்டது. ஞாயிறு காலையில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஆலைப் பேருந்து வந்து நிற்கும். இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் சீருடையைக்கூட மாற்றாமல் முனைக்கடையில் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு மேலே ஏற, ஆராதனைக்குப் புறப்பட்ட அவர்களுடைய பிள்ளைகள் பைபிளும் கையுமாக எதிரே இறங்கி வருவார்கள். "சாவி பூந்தொட்டிக்குக் கீழ இருக்குப்பா" என்பதோடு தகப்பனுக்கும் மகளுக்கும் அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாடகையும் பள்ளிச் செலவும் விரட்டுகின்றன. காரை மாற்றிவிட்டு, அதன் மாதத் தவணைக்காக ஞாயிறு ஓவர்டைமை வலியக் கேட்டு வாங்கி, எஜமான் தந்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியக்காரனைப் பற்றிய இயேசுவின் உவமையைக் காட்டி, "தாலந்தைப் புதைக்காமல் உழைக்கிறோம்" என்று அதற்கு வேதாகமப் பூச்சும் பூசுகிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தம், வாராந்தர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதும், ஷிப்ட் ஊழியருக்கு அது தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. சட்டம் மிச்சப்படுத்திக் கொடுத்த அந்த மூன்று மணி நேரம், எனக்குத் தெரிந்த பல வீடுகளில் ஓவர்டைம் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

முதலாளிகளுக்கும் இதில் பங்குண்டு. பைபிளின் உபாகமத்தில் வரும் ஓய்வுநாள் கட்டளை, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்றும், எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்றும் காரணம் சொல்கிறது. ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கடைக்கார அன்பர்கள், அந்நேரம் தங்கள் கல்லாவில் நிற்பது யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சபைகளின் லட்சணமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. (அரை மணி நேரம் நீளும் அறிவிப்புகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.) ஞாயிறு காலை வராதவருக்குப் "பின்வாங்கிப்போனவர்" என்று பெயர் சூட்டுவதில் காட்டும் வேகத்தை, புதன்கிழமை ஓய்வில் வீட்டிலிருக்கும் அவரைத் தேடிப் போவதில் நாம் காட்டுவதில்லை. யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவனின் மகள் மரண அவஸ்தைப்பட்டுக் கிடக்க, அவன் வீட்டுக்குப் போகும் அவசரத்திலும் இயேசு வழியில் நின்று, 12 வருடமாய் நோயுற்றிருந்த ஒரு பெண் உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார் என்று மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதுகிறார். நம் ஆராதனை நிரலில் அப்படி ஒரு நிறுத்தத்துக்கு இடமிருக்கிறதா?

ஷிப்ட் ஊழியர்களுக்காக வார நாள் மாலையில் ஓர் ஆராதனையை ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சபையாவது நடத்தலாம். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அரசு மருத்துவமனையில் எண் வாங்கிக்கொண்டு தனியே காத்திருக்கும் முதியோர் நம் சபைகளில் அநேகர். அவர்களுக்குத் துணையாகப் போகத் தோதானவர்கள் வார நாளில் ஓய்வு கிடைப்பவர்களே. உங்கள் நாளிதழும் ஆலய அறிவிப்புப் பகுதியில் ஞாயிறு ஆராதனைகளோடு வார நாள் ஆராதனை நேரங்களையும் வெளியிட இடம் தந்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிறை, பினாங்கு