ஹாலில் மறந்தது டீக்கடையில் வந்ததாமே

பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அப்போதே கடலூரிலிருந்து பஸ் ஏறிவிடுவார். பரீட்சை ஹாலில் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை, வெளியே வந்து டீ குடிக்கும்போது எல்லாம் வரிசையாக வந்தது என்றாயே, அதிலேயே பதில் இருக்கிறது. படித்தது எங்கேயும் போகவில்லை. பதற்றத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்போது, உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்க மூளை திணறும். கொஞ்சம் பரபரப்பு நல்லதுதான், அளவு மீறினால், அதுவும் கஷ்டமான வேலையில், காரியம் கெடும் என்று யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1908-லேயே சுண்டெலிகளை வைத்துக் கண்டார்கள். பி.எட். படித்தபோது இதை நெட்டுருப் போட்டேன், புரிந்தது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போன பிறகுதான்.

ஆனால் "நான் எப்பவுமே இப்படித்தான்மா, பத்தாவதிலிருந்தே சொதப்பல்" என்றாய் பார், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மனசு சோர்ந்திருந்தால் சோர்ந்த ஞாபகங்கள்தான் முந்திக்கொண்டு வரும். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் வீடு வீடாக ஸ்வீட் கொடுத்தாயே, அது ஏன் வரவில்லை?

தானே புயலையே எடுத்துக்கொள், 2011 டிசம்பர் 30 காலை. எதிர் வீட்டுத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாய். அன்றைக்கு நீ இருந்தது நெல்லிக்குப்பத்தில், பாட்டி வீட்டில்! நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்டு உனக்குப் பார்த்ததாகவே ஆகிவிட்டது. யாருக்கும் நடப்பதுதான். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் நைசர் என்ற உளவியலாளர். இரண்டரை வருஷம் கழித்துக் கேட்டால் பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். உணர்ச்சி கூடக் கூடப் படம் பளிச்சென்று தெரியும், சரியாகவும் இருக்கும் என்று சொல்ல முடியாது. உன் "எப்பவுமே"யும் அந்தத் தகரக் கூரை மாதிரிதான்.

சரி, திரும்பத் திரும்ப வாசிப்பதை விடு. புத்தகத்தை மூடிவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்து, வெள்ளைத் தாளில் எழுதிப் பார். அப்படிப் பழகியது பதற்றத்திலும் சுலபத்தில் கைவிடாது. ராத்திரி இரண்டு மணி வரை முழிக்காதே, படித்தது பதிய நல்ல தூக்கம் வேண்டும்.

அத்தை பண்ருட்டியிலிருந்து முந்திரி கொடுத்து அனுப்பியிருக்கிறாள், நாளை கூரியரில் போடுகிறேன். ரூமில் இருக்கிற பெண்களுக்கும் கொடு.

அம்மா