ஊர்ப் பாடசாலையைப் பெறுபேற்றால் அளக்கலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் எமது ஊர்களிலுள்ள சிறிய பாடசாலைகளைப் பற்றிய தீர்ப்பும் கூடவே வெளியாகிவிடுகிறது. அங்கே படிப்பில்லை, அதனால்தான் பிள்ளைகளும் இல்லை, மூடிவிடலாம் என்ற இப்பேச்சு பெரும்பாலும் பிழையான எண்ணங்களின் மேல் எழுந்தது.

தெரிவுக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டதாகவே பெற்றார் பலர் கருதுகின்றனர். உண்மையில் இது வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குவதற்கும், வசதி கூடிய பாடசாலைகளில் தரம் ஆறுக்கு அனுமதிப்பதற்குமான ஒரு தெரிவுப் பரீட்சை மட்டுமே. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது. ஒரே புள்ளி பெற்ற இருவரில் ஒருவர் தெரிவாகி மற்றவர் தெரிவாகாமற் போகவும் கூடும்.

அதிகம் கவனிக்கப்படாதது, இத்தெரிவு பாடசாலைகளின் தலையில் விழும் விதம். யாழ்ப்பாண மாவட்டத்தின் தீவகத்திலோ வடமராட்சி கிழக்கிலோ உள்ள ஒரு பாடசாலையில் கூடிய புள்ளி பெறும் பிள்ளை தரம் ஆறுக்கு நகரத்துக்குப் போய்விடுகிறது. பாடசாலை வான் வண்டிக்குக் கட்டணம் கட்டக்கூடிய குடும்பமோ அதற்கும் முன்னரே, தரம் ஒன்றிலேயே, பிள்ளையை அங்கு சேர்த்துவிடுகிறது. எஞ்சிய பிள்ளைகளோடு அப்பாடசாலை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பெறும் பெறுபேற்றை, பல ஊர்களிலுமிருந்து தெரிந்தெடுத்த பிள்ளைகளைக் கொண்ட பாடசாலையின் பெறுபேற்றுக்கு அருகில் வைத்து நாம் ஒப்பிடுகிறோம். முற்றிய நெற்கதிர்களையெல்லாம் அரிந்துகொண்டு போனபின் வயலைப் பார்த்து மண் சரியில்லை என்பதைப் போன்றது இது.

தேசிய பாடசாலை என்ற பெயர்மீதுள்ள மயக்கமும் இத்தகையதே. மத்திய கல்வி அமைச்சின்கீழ் இயங்குவது தேசிய பாடசாலை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண நிர்வாகத்தின்கீழ் இயங்குவது மாகாணப் பாடசாலை. இரண்டிலும் தேசிய கல்வி நிறுவகத்தின் அதே பாடத்திட்டமும், 1980 முதல் இலவசமாக வழங்கப்படும் அதே பாடநூல்களும், இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்த ஆசிரியர்களுமே உள்ளனர். வளங்களில் வேறுபாடு இருப்பது மெய்தான். ஆயினும் தேசிய பாடசாலைகளை ஆயிரமாக்க 2021 இல் தொடங்கிய திட்டத்தைப் போலப் பெயர்ப்பலகை மாற்றுவதால் மாத்திரம் விஞ்ஞான ஆய்வுகூடம் வந்துவிடாது.

பிள்ளைகள் குறைந்தமைக்கு இடப்பெயர்வும் புலப்பெயர்வும் குறைந்துவரும் பிறப்புகளும் காரணம் என்பதையும், போரினால் வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் ஆண்டுக்கணக்காகத் தமது மண்ணைவிட்டு வேறிடங்களில் இயங்க நேர்ந்தது என்பதையும் நாம் இவ்வளவு விரைவில் மறந்தது வியப்பே.

சிறிய பாடசாலைகள் யாவும் சிறப்பாக இயங்குகின்றன என்று நான் வாதிடவில்லை. கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியரின்றித் தவணை முழுவதும் கழியும் பாடசாலைகளும் உண்டு. ஆனால் அது ஆசிரியர் பங்கீட்டிலுள்ள குறை. தூர இடத்துக்கு நியமனம் பெற்றவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவ்விடத்தை உரிய காலத்தில் நிரப்பாத நிர்வாகத்திடம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான தண்டனையை ஊரில் எஞ்சியுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலையை மூடிக் கொடுக்கலாகாது.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். கூடிய புள்ளி பெற்ற பிள்ளைகளின் படங்களைத் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரங்களோடு பக்கம் பக்கமாக வெளியிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கல்வி வலயத்திலும் எந்தெந்தப் பாடசாலையில் எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வெற்றிடம் உள்ளது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டறிந்து, தவணைக்கு ஒருமுறையாவது வெளியிட வேண்டும்.

இளைப்பாறிய அதிபர் ஒருவர்,
கரவெட்டி.