உச்சிக்குடும்பனும் ஒரு குதிரையும்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள தாணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "லேய், அம்பத்தேழு வயசுல கார்ட்டூன் பாக்கியாம்லா மக்கா" என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் வீட்டு வாசலில் காஸ் சிலிண்டர் வந்துவிட்டது, நீ போய்விட்டாய். எனவே இந்தக் கடிதம். எப்படியும் போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடியாது, பாதியில் புகுந்து பேச்சை வடசேரி சந்தைக்குக் கொண்டுபோய் விடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

முதலில் வீட்டு விசேஷம். பனி ஒருவழியாக விட்டது. விசாலத்துக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். மகளுக்கு வேலை கிடைத்து ஆறு மாதமாகிறது. வாடகை மிச்சம் என்று எங்களோடுதான் இருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டதும் அவளும் நானும் டிவி முன்னால் உட்கார்வோம். ஒருநாள் அவள் போடுவது, ஒருநாள் நான் போடுவது. உன்னிடம் கோள் சொன்னவளும் அவள்தான், எனக்கு இதில் பாதியைக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான்.

மீதிப் பாதி 1998-லேயே பிடித்தது. அப்போது நான் இங்கே வந்து இறங்கிய புதிது. கம்பெனி கொடுத்த அபார்ட்மெண்டில் ஐந்து பேர். யாரோ குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன டிவி ஒன்று, அதில் ஓரம் எல்லாம் பச்சையடித்துத் தெரியும். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஃபாக்ஸ் சேனலில் 'தி சிம்ப்சன்ஸ்'. பழைய எபிசோடுகள் வார நாளில் சாயங்காலமும் ஓடும். மஞ்சள் நிற மனிதர்கள், கைக்கு நாலே விரல். சின்னப்பிள்ளைகள் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். அறையிலிருந்த விஜயவாடாப் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான், எனக்கு ஆங்கில உச்சரிப்பே பிடிபடாது.

பிடிபட்ட முதல் எபிசோடு எதுவென்று நன்றாக நினைவிருக்கிறது. ஊருக்குள் ஒரே ஒரு கரடி வழிதவறி வந்துவிடும். அவ்வளவுதான், ஊரே கொதித்துப்போய் மேயர் ஆபீஸுக்குப் படையெடுக்கும். மேயர் கரடி ரோந்துப் படை அமைத்துவிடுவார், ரோந்துக்குப் போர் விமானமெல்லாம் பறக்கும். குடும்பத் தலைவன் ஹோமர் வாசலில் நின்றுகொண்டு, ஒரு கரடியாவது கண்ணில் படுகிறதா பார், படை பிரமாதமாக வேலை செய்கிறது என்பான். எட்டு வயது மகள் லிசா கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் காட்டி, அப்படிப் பார்த்தால் இந்தக் கல் புலியை விரட்டுகிறது என்று நானும் சொல்லலாமே, சுற்றிலும் புலி ஏதாவது தெரிகிறதா என்பாள். அவன் சுற்றுமுற்றும் பார்ப்பான். கொஞ்சம் யோசிப்பான். பிறகு பர்ஸை எடுத்து, அந்தக் கல்லை எனக்கு விற்றுவிடு என்பான்.

நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நம் ஊரில் அப்பா பூசாரியிடம் வாங்கி வாசலில் கட்டிய தகடு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் திருட்டே போகவில்லை என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், உன்னிடமும் சொல்லியிருப்பார்.

கதை அதோடு நிற்காது. கரடிப் படைக்கு ஐந்து டாலர் வரி ஏறும், ஜனம் மறுபடி கொதிக்கும். வரி ஏறியதற்குக் காரணம் கள்ளத்தனமாகக் குடியேறியவர்கள்தான் என்று மேயர் கூசாமல் கையைக் காட்டிவிடுவார். ஊரே வந்தேறிகளை விரட்டக் கிளம்பும். 1994-ல் கலிஃபோர்னியாவில் குடியேறிகளுக்கு எதிராக ஒரு வாக்கெடுப்பு நடந்தது, அதைக் கிண்டலடித்து 1996-ல் எடுத்த எபிசோடு. ஹெச் ஒன் வேலை விசாவைப் பெட்டிக்கடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த எங்கள் ஐந்து பேருக்கும் அது வெறும் வேடிக்கையாக எப்படி இருக்கும், சொல்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன் தாணு. இதையே ஒரு நடிகன் நடித்திருந்தால் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். அவன் யார், எங்களைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன என்று கேட்டிருப்பேன். நாலு கோட்டால் போட்ட முகத்திடம் அப்படிச் சண்டைக்குப் போக முடிவதில்லை.

நம் கோயில் திடலில் கோடையில் நடந்த தோல்பாவைக்கூத்தை நினைத்துப் பார். ராமனும் ராவணனும் பேசினால் நாம் தூங்குவோம், கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் எழுந்து உட்காருவோம். ஒருமுறை உச்சிக்குடும்பன் வட்டிக்கடைப் பெரியவரை நம் ஊர்ப் பேச்சிலேயே கிழி கிழியென்று கிழித்தானே. அந்தப் பெரியவர் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். திரைக்குப் பின்னால் ஆட்டியவர் வெளியே வந்து அதையே சொல்லியிருந்தால் ஊரைவிட்டுப் போயிருக்க முடியுமா? ஆட்டுத்தோல் சொன்னதால் தப்பித்தார்.

சிம்ப்சன்ஸை உருவாக்கிய மாட் கிரோனிங் கதையும் வேடிக்கைதான். டிவிக்காரரைப் பார்க்கக் காத்திருந்த இடத்திலேயே அவசரமாக வரைந்தாராம். பெயர் யோசிக்க நேரமில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டு தங்கைகள் பெயர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். பெற்ற தகப்பன் பெயரை வழுக்கைத் தலைக் குடிகாரனுக்கு! என் அப்பா பெயரை நான் அப்படி வைத்திருந்தால் சொத்தில் மட்டுமல்ல, சோற்றிலும் பங்கு கிடைத்திருக்காது. 1987-ல் இன்னொருவர் நிகழ்ச்சிக்கு இடையில் துண்டுத் துண்டாக வந்தது, 1989 டிசம்பரில் தனி நிகழ்ச்சியானது. 750 எபிசோடு தாண்டியும் ஓடுகிறது. மூத்தவன் பார்ட்டுக்கு அன்றைக்கும் பத்து வயது, இன்றைக்கும் பத்து வயது. நாம்தான் கிழடாகிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர்கள் பார்க்கிற கார்ட்டூன் என்பது அவர்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 1960-லேயே 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' ராத்திரி வேளையில்தான் வந்தது, கற்கால மனிதர்கள் அதில் சிகரெட் விளம்பரம்கூடச் செய்தார்கள். ஆனால் ஆட்சியில் இருப்பவனைச் சீண்டுகிற தைரியம் சிம்ப்சன்ஸோடுதான் வந்தது. 1992 ஜனவரியில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், அப்பா புஷ், மேடையில் பேசும்போது அமெரிக்கக் குடும்பங்கள் 'வால்டன்ஸ்' மாதிரி இருக்கவேண்டும், சிம்ப்சன்ஸ் மாதிரி அல்ல என்றார். வால்டன்ஸ் என்பது 1930-களின் பஞ்சகாலத்தில் நடக்கிற பழைய சீரியல், எல்லாரும் நல்லவர்கள். மூன்றே நாளில் பதில் வந்தது. சிம்ப்சன் குடும்பம் அந்தப் பேச்சை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும். பையன் திரும்பி, நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், பஞ்சம் எப்போது தீரும் என்று நாங்களும் பிரார்த்தனை செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்பான். அப்போது அங்கே பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. அந்த வருடமே புஷ் தேர்தலில் தோற்றார். அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட மாட்டேன், கல்லும் புலியும் கதையாகிவிடும்.

1987-ல் நாம் கல்லூரியில் இருந்தபோது விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்ததே, நினைவிருக்கிறதா? மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். அதற்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபை மூன்று மாத ஜெயில் கொடுத்தது. நாடே கூச்சல் போட்டதும் சீக்கிரம் விட்டார்கள். டீக்கடையில் அந்த இதழைப் பத்துப் பேர் தலைக்கு மேல் தலை வைத்துப் பார்த்தோம். நீ மட்டும், இதில் பாவம் பிக்பாக்கெட்காரன்தான் மக்கா, மானநஷ்ட வழக்கு போட அவனுக்கு வசதியில்லை என்றாய். எழுத்தாளனாக ஆகியிருக்க வேண்டியவன் நீ, பஞ்சாயத்து யூனியனில் போய் விழுந்தாய். சொல்ல வந்தது என்னவென்றால், கோடு எல்லாரையும் எல்லா ஊரிலும் காப்பாற்றிவிடாது.

'சௌத் பார்க்' என்று ஒன்று இருக்கிறது. அதை நீ பார்க்காதே, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. கொலராடோவில் படித்த இரண்டு பையன்கள் 1997-ல் ஆரம்பித்தது. முதல் எபிசோடைக் காகிதத்தை வெட்டி ஒட்டி நகர்த்தி எடுக்க மூன்று மாதம் பிடித்ததாம்; பிறகு கம்ப்யூட்டர் வந்தது, இப்போது ஆறே நாளில் ஒரு எபிசோடை முடிக்கிறார்கள். 2008-ல் ஒபாமா ஜெயித்த மறுநாள் ராத்திரியே ஒபாமா ஜெயித்ததை வைத்து எபிசோடு போட்டார்கள். வேகத்துக்கு நான் அடிமை, மனசுக்குப் பிடிக்கிறதா என்றால் இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்போம் என்பது வீரம் மாதிரித் தெரியும், பல சமயம் அது எதற்கும் பொறுப்பில்லாத தப்பித்தல். 2006-ல் பூமி சூடாகிறது என்று எச்சரித்த முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோரை, இல்லாத பூதத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவன் என்று கேலி செய்தார்கள். ஒரு நல்ல காரியம், 2018-ல் அந்தப் பூதம் நிஜமாகவே வந்துவிட்டது என்று கதை பண்ணி, பையன்கள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் ஆயிற்று அதற்கு.

அடி நம் மேல் விழுந்த கதையையும் சொல்லவேண்டும். சிம்ப்சன்ஸில் அப்பு என்று ஒரு இந்தியக் கடைக்காரன். எங்கள் ஆபீஸில் ஒருவன் இருந்தான். நான் மீட்டிங் முடிந்து எழுந்தால் அப்புவின் குரலில் "தேங்க் யூ, கம் அகெய்ன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மூன்று வருடம் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன் நின்று 'வி'யையும் 'டபிள்யூ'வையும் பிரித்துச் சொல்லிப் பழகியிருக்கிறேன், விசாலத்துக்கே தெரியாது. அந்தக் குரலைக் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்கிற வெள்ளைக்காரர். 2017-ல் ஹரி கொண்டபோலு என்கிற இந்திய வம்சாவளி நகைச்சுவைக்காரர் இதைக் கேள்வி கேட்டு ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார்.

மகளுக்கு அதில் சந்தோஷம். எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை, ஏனென்று அவளிடம் விளக்கத் தெரியவில்லை. அந்த ஊரிலேயே படித்தவன், உழைப்பாளி அப்புதான். கரடி எபிசோடிலேயே அவன் குடியுரிமைத் தேர்வு எழுதுவான். உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்று அதிகாரி கேட்க, அப்பு பல காரணங்களை விரிவாகச் சொல்ல ஆரம்பிப்பான். அதிகாரி நடுவில் மறித்து, அடிமைமுறை என்று மட்டும் சொல்லு போதும் என்பார். எனக்குத் தேர்வு வந்தபோது, அன்றைக்குப் பத்துக் கேள்வியில் ஆறு சரியாக இருந்தால் போதும் என்று இருந்தது, அதே போரைப் பற்றிக் கேட்டார்கள். "அடிமைமுறை" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். வாசலுக்கு வந்து காரில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அந்த நேரத்தில் அப்பு எனக்குச் சொந்தக்காரன். என்ன செய்ய?

இனி குதிரைக்கு வருகிறேன். 'போஜாக் ஹார்ஸ்மேன்', 2014-லிருந்து 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்தது, மொத்தம் 77 எபிசோடு. மகள் காட்டியது. உடம்பு மனிதன், தலை குதிரை. பழைய டிவி நட்சத்திரம், மார்க்கெட் போய்விட்டது, குடி. ஹாலிவுட்டை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். குதிரை குடிபோதையில் மலைமேலிருக்கிற ஹாலிவுட் பலகையின் கடைசி எழுத்தைத் திருடிவிடும், அதற்குப் பிறகு ஊரே கூசாமல் 'ஹாலிவூ' என்று பேச ஆரம்பித்துவிடும். சிரித்துக்கொண்டே பார்த்துவந்தேன். ஐந்தாவது சீசனில் ஒரு எபிசோடு வந்தது. கிட்டத்தட்ட முழுவதும் ஒரே காட்சி, குதிரை தன் அம்மாவின் சவப்பெட்டி பக்கத்தில் நின்று பேசுகிறது. வில் ஆர்னெட்டின் ஒற்றைக் குரல். அம்மா அன்பானவள் அல்ல, கடைசிவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் கடைசியாக "ஐ ஸீ யூ" என்றாளாம், உன்னைப் பார்க்கிறேன் என்று. அதற்கு என்ன அர்த்தம், உன்னைப் புரிந்துகொண்டேன் என்கிறாளா, மன்னிக்கிறாளா என்று குதிரை புரட்டிப் புரட்டிப் பேசுகிறது. பேசிக்கொண்டே வரும்போது திடீரென்று அதற்கு உறைக்கிறது. அம்மா எதிரே இருந்த போர்டைப் படித்திருக்கிறாள். ஐ.சி.யூ.

கடைசியில் பார்த்தால் அது தப்பான அறையில் நின்று பேசியிருக்கிறது, எதிரே உட்கார்ந்திருந்தவை எல்லாம் பல்லிகள். மகள் சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்துபோனேன்.

தாணு, போன வருடம் அம்மா ஐ.சி.யூ.வில் இருந்தபோது எனக்கு டிக்கெட் கிடைக்காத அந்த ராத்திரி, போனை அம்மா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. அம்மா கண்ணைத் திறந்து "தெரியுது" என்றாள். ஒரே வார்த்தை. என் முகம் தெரிகிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன். குதிரை அதைக் கெடுத்துவிட்டது. பக்கத்தில் நர்ஸ் நின்றாளே, டார்ச் அடித்து ஏதாவது கேட்டாளா? வெளிச்சம் தெரிகிறதா பாட்டி என்கிற மாதிரி?

போனில் இதைக் கேட்க எனக்கு வாய் வராது. உனக்கு நினைவிருந்தால், எழுதலாம் என்று பட்டால், எழுது. இல்லாவிட்டால் மட்டிப்பழம் இப்போது கிலோ என்ன விலை என்று எழுது. நான் புரிந்துகொள்வேன்.

உன்
வேலு