கீழ்வரியை வெட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில், 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஒனோரே தோமியே பற்றிய கட்டுரை கண்டேன். அவர் படங்களைக் ‘கல்லில் செதுக்கியவை’ என்றது பிழை. அவர் கையாண்ட லித்தோகிராஃபி எனும் கல்லச்சு முறையில் செதுக்கலே இல்லை. தேய்த்துச் சமப்படுத்திய சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் கிரேயானால் இடவலம் மாற்றி வரைந்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் கலந்த கோந்தைப் பூசுவார்கள். பின்பு கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் மையைத் தள்ளும். கோடு மட்டும் பற்றிக்கொள்ளும். அவர் படம் வரைந்த ‘லெ ஷாரிவாரி’ என்ற பாரிஸ் நையாண்டி நாளிதழுக்கு இம்முறையின் வேகம்தான் கைகொடுத்தது. பிரான்சின் 1835 செப்டம்பர் பத்திரிகைத் தணிக்கைச் சட்டங்கள் அரசியல் கேலிச்சித்திரத்தை முடக்கியதும், வக்கீல்களும் மோசடிப் பேர்வழிகளும் அதில் இலக்கானார்கள்.

கட்டுரையின் பெரிய குறை, படங்களின் கீழ்வரியை, அதாவது படத்துக்கு அடியில் அச்சான வாசகத்தை, வெட்டியது. பாதி நையாண்டி அங்கேதான் இருக்கிறது. (மோசடிக்காரன் ஒருவனைப் பற்றிய ‘ரொபேர் மகேர்’ பட வரிசையில் அதை எழுதியவர் தோமியே அல்ல, பதிப்பாளர் ஷார்ல் ஃபிலிப்போன்!) படங்கள் மங்கலாக இருந்ததற்கும் காரணம் உண்டு: நாளிதழ்ப் பிரதியின் பின்பக்கம் செய்தி அச்சாகியிருக்கும், வெள்ளைப் பின்னணியில் ஸ்கேன் செய்தால் அந்த எழுத்து முன்பக்கம் ஊடுருவித் தெரியும். தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடுவது எங்கள் அனுபவம். அடுத்த முறை அவ்வாறு படியெடுத்து, கீழ்வரியைத் தமிழாக்கத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

– ஓர் அச்சுக்கலை வாசகர், மதுரை