இரண்டு பெட்டி கசெற்

லண்டன்
நவம்பர் 1988

அன்பின் தம்பி,

உன் கடிதம் மூன்று கிழமை கழித்துக் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய், அதுவே போதும். இங்கே நாலரைக்கே இருட்டு. இரவு வேலை, பகலில் நித்திரை. வெயிலைக் காண்பதே அருமை.

கொம்பியூட்டர் பற்றிக் கேட்டிருந்தாய். அக்கா வீட்டில் இப்போது இரண்டு. ஒன்று சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம், 1982இல் வந்த சாதி. ஒரு கொப்பி அளவுதான், ரப்பர் கட்டைகள், நினைவகம் 48 கே, அதாவது கிலோபைட். ரீவியில் பொருத்தி, பாட்டுக் கேட்கிற கசெற் ரெக்கோடரில் இருந்துதான் விளையாட்டை ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தும். திரையின் கரையெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடும். கடைசி நேரத்தில் யாராவது வயரைத் தட்டினால், சரி, முதலில் இருந்து.

மற்றது மருமகனுக்குப் போன மாதம் வாங்கிய அமிகா 500. நினைவகம் 512 கே. கசெற் இல்லை, சின்ன டிஸ்க். ஒன்றில் 880 கே பிடிக்கும். பழையதில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான். ஓடுகிற ஆள் மரத்தைக் கடந்தால் மரமும் அவன் நிறமாகிவிடும். புதியதில் 4096 நிறத்தில் இருந்து எடுக்கலாமாம். உண்மையாகவே படம் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் பழைய கசெற் ஒன்றும் அதில் ஓடாது. ஒன்றின் மூளை இசட்80, மற்றதன் மூளை 68000. இதன் பாஷை அதற்கு விளங்காது. ஐயாவின் சைக்கிளுக்கு இன்றைக்கும் புது டயர் போடலாம், இதற்கு ஆறு வருடத்தில் ஆயுள் முடிந்தது. அதைச் செய்த சின்கிளேயரே கொம்பியூட்டர் வியாபாரத்தை 1986இல் ஆம்ஸ்ட்ராட் என்ற கொம்பனிக்கு விற்றுவிட்டார். மருமகன் இரண்டு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற்றைக் குப்பையில் போடப் போனான். நான் பறித்து, மெஷினோடு என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அமிகாவைப் போட்டால் டிஸ்க் பிடித்த ஒரு கையைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். நாமே புரோகிராம் எழுதுகிற பேசிக் என்ற பாஷை அதிலும் உண்டு, வேறு டிஸ்க்கில்; பெடியன் அதைத் தொட்டதே இல்லை. ஸ்பெக்ட்ரத்தில் உடனே எழுதத் தொடங்கலாம். பி கட்டையை அழுத்தினால் பிரிண்ட் என்று முழுச் சொல்லே விழும். நேற்று இரண்டு வரி எழுதி, உன் பெயரைத் திரை நிறைய ஓடவிட்டேன். அடுத்தது அக்காவின் சீட்டுக் கணக்கு.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு. அமிகாவின் விலையைக் கேட்டால் மட்டும் தெரியாது என்று சொல்.

அன்புடன்,
அண்ணா