தண்ணீருக்குத் துளை போடுவோம், தங்கத்துக்குப் போடமாட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் எங்கள் போர்வெல் கடைக்கு வந்தார். துண்டின் முடிச்சை அவிழ்த்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல்லை மேசைமேல் வைத்தார். கிணற்றைத் தூர் வாரும்போது கிடைத்ததாம். வெயிலில் காட்டினால் மினுமினுத்தது. "தம்பி, உங்கள் ரிக் வண்டியை எங்கள் கொல்லையில் ஒரு நூறு அடி இறக்கி, தங்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். இப்படிக் கேட்டு வருகிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால்தான் இந்த மடல்.

கல்லை நகத்தால் கீறினோம். ஏடு ஏடாக உரிந்தது, காக்காப்பொன், அதாவது மைக்கா. நடுவில் இரண்டு மூன்று மஞ்சள் மணிகள் இருந்தன. அவற்றைப் பளபளப்பில்லாத ஓட்டின் பின்பக்கத்தில் தேய்த்தபோது கரும்பச்சைக் கோடு விழுந்தது. தங்கமாக இருந்தால் கோடும் மஞ்சளாகவே விழும். சுத்தியலால் தட்டினால் தகடாகும், நொறுங்காது. இது நொறுங்கியது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் நம் சீமையில் ஒன்றுமே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது. தங்கமே இருக்கிறது. கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை மாநில எல்லையோடு நின்றுவிடவில்லை. அதன் தென்கோடி நம் மாவட்டத்து வேப்பனப்பள்ளி, மகாராஜகடைப் பக்கம் வரை நீள்கிறது. இந்திய புவியியல் ஆய்வுத் துறை அங்கே தேடியிருக்கிறது. ஆனால் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டிய சுரங்கத்தையே 2001-இல் மூடினார்கள். பாறையில் தங்கம் இருப்பது வேறு, வெட்டி எடுத்தால் கட்டுபடியாவது வேறு. ஒரு டன் கல்லில் சில கிராம் இருந்தாலே நல்ல தாது என்பார்கள். அந்தச் சில கிராமும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மினுமினுக்கிற கல்லை நம்பி நிலத்துக்கு விலை பேசாதீர்கள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

அரூர், ஊத்தங்கரைப் பக்கம் மாலிப்டினம் உண்டு. பாறைக்குள் நரம்புபோல ஓடும் வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) ஈயநிறத்தில் படிந்திருக்கும். தொட்டால் பென்சில் கரியைப் போல விரலில் ஒட்டும். எஃகை உறுதியாக்கப் பயன்படும் உலோகம் இது. சாமல்பட்டியிலும் ஒகேனக்கல்லிலும் கார்பனடைட் பாறை இருக்கிறது. பார்த்தால் சுண்ணாம்புக்கல் என்றே நினைப்பீர்கள். உண்மையில் ஆழத்தில் உருகிக் கிடந்து மேலே வந்த பாறை. 'ரேர் எர்த்' எனப்படும் அரிய மண் தனிமங்களைத் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட பாறைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். தீர்த்தமலையில் காந்தம் ஒட்டும் இரும்புக்கல்.

இன்றைக்குச் சோறு போடுவது என்னவோ கிரானைட்தான். பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துப் பாரடைசோ கல்லில் ஊதாவும் சாம்பலும் கலந்து ஓடும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் கறுப்புக்கல். இந்தக் கறுப்புக்கல் சுவர்போல நிலத்துக்குள் நெடுக ஓடும். எங்கள் தொழிலுக்கு அது இன்னொரு வகையில் முக்கியம். சுவருக்கு ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும், மறுபக்கம் நூறு அடி தள்ளிப் போட்டாலும் புழுதிதான் வரும். பக்கத்துக் கொல்லையில் தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று எங்களோடு சண்டைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் பதில்.

சரி, ரிக் வண்டியை இறக்கிப் பார்த்தால் என்ன? முதலாவது, அதனால் பயனில்லை. எங்கள் வண்டி கல்லை இடித்துத் தூளாக்கிக் காற்றால் மேலே தள்ளுகிறது. எந்த அடியில் இருந்த தூள் எது என்று துல்லியமாகச் சொல்ல முடியாதபடி கலந்து வரும். தாது தேடுகிறவர்கள் வைர முனை வைத்த குழாயால் பாறையைக் கோலாகவே அறுத்து எடுப்பார்கள். அதைப் பெட்டியில் அடுக்கி, அடிக்கணக்கு எழுதி, நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மறுபாதியைப் பத்திரப்படுத்துவார்கள். இந்தத் தேடலுக்கு, மேலோட்டமான ஜி4 முதல் விரிவான ஜி1 வரை, நான்கு படிகள். பல இடங்கள் முதற்படியிலேயே கைவிடப்படும்.

இரண்டாவது, அது குற்றம். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, வெட்டுவதற்கு மட்டுமல்ல, கனிமத்தைத் தேடித் துளை போடுவதற்கே உரிமம் வேண்டும். சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்குக் கிடையாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாலிப்டினம் போன்ற முக்கியக் கனிமங்களுக்கு ஒன்றிய அரசே ஏலம் நடத்துகிறது. ஆகவே, கருவி வைத்துத் தங்கம் காட்டுகிறோம், முன்பணம் கொடுங்கள் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், முதலில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார்கள்.

தண்ணீருக்குத் துளை போடும்போது வழக்கமில்லாத கல் வந்தால் நாங்களே ஒரு பிடியைப் பையில் போட்டு, தோராயமான ஆழத்தை எழுதித் தருகிறோம். அதை மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் காட்டலாம். பைக்குக் காசு வாங்குவதில்லை.

பெரியவரின் கல் இன்னும் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. ரசீதுகள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறோம். அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
போர்வெல் கடையார்,
கிருஷ்ணகிரி