கண்ணாடி டம்ளர் தந்த அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள மாணவர்களே, சக ஆசிரியர்களே, எங்கள் தெரு நண்பர்களே,

நேற்று சாயங்காலம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், போயிட்டு வாங்க" என்றார். புற்றுநோய் வந்து நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் இந்த நன்றியைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

முதல் நன்றி, வார்டில் தரை துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றுகிற அம்மாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தை ஏற்றுகிற நாட்களில் தண்ணீர் நிறையக் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். மருந்தையும் உப்பு நீரில்தான் கலந்து ஏற்றுகிறார்கள். சுற்றிலும் அந்த உப்பின் குளோரைடு நிறைய இருக்கும்வரை, பிளாட்டினத்தோடு இணைந்த இரண்டு குளோரைடுகளும் லேசில் விலகாது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே அவை கழன்று, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்து, அதன்பின் பிளாட்டினம் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் செல் பிரிய முடியாமல் போகும். வேதியியலில் அணைவுச் சேர்மங்கள், அதாவது நடுவில் ஓர் உலோகத்தைச் சுற்றி மற்றவை இணைந்த சேர்மங்கள், பாடத்தில் வருஷா வருஷம் நான் கரும்பலகையில் வரைந்த சதுரத்தளம் இதுதான்: நடுவில் பிளாட்டினம், நாலு மூலையிலும் அதோடு இணைந்தவை. இத்தனை தெரிந்தும் ஒரு வாய் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. செம்புக் காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி. சிஸ்டர் அதட்டினார், மனைவி கெஞ்சினாள். ம்ஹும்.

அந்த அம்மா ஒரு ராத்திரி கட்டில் பக்கம் நின்று, நான் டம்ளரை வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப வைப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தார், விளிம்பில் நீலப் பூ போட்டது. "எவர்சில்வர்ல குடிக்காதீங்க ஐயா. இந்த மருந்து ஏத்துறவங்களுக்கு அதுல இரும்பு வாடை அடிக்கும். இதுல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் விட்டுக் குடிச்சுப் பாருங்க" என்றார். குடித்தேன். இறங்கியது! அதற்கப்புறம் டம்ளர் காலியாக இருந்தால் நிரப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எத்தனையோ நோயாளிகளைக் கவனித்துத் தானே தெரிந்துகொண்டது.

படுத்திருந்தபோது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மருந்தும் அப்படிக் கவனித்ததில் கிடைத்ததுதான். பெய்ரோனே என்ற இத்தாலியர் 1844-ல் தயாரித்த சேர்மம் இது. 1893-ல் வெர்னர் என்ற வேதியியலர் அதன் வடிவத்தைச் சொன்னார். மருந்து என்று யாரும் நினைக்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி பாக்டீரியாவில் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அவை இரண்டாகப் பிரியாமல் இழை இழையாக நீண்டன. காரணம் மின்சாரம் இல்லை, மின்வாயிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம். இதைச் சொல்லி 1965-ல் வந்த அவர் கட்டுரையில் லொரெட்டா வான் கேம்ப், தாமஸ் கிரிகஸ் பெயர்களும் உண்டு. செல் பிரிவதைத் தடுப்பது புற்றுநோய்க்கும் உதவும் என்று பார்த்து, 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. நம் துறையில் ஒருவர் உழைப்பை மேற்கோள் எண்ணிக்கையை, அதாவது அவர் கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்பதை வைத்து அளக்கிறோம். பெய்ரோனே உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் கணக்குப் போட்டிருந்தால் என்ன தேறியிருக்கும்? நானும் அவர் செய்த உப்பால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரத்தம் கொடுத்த பழைய மாணவர்கள், நேரம் காலம் பார்க்காமல் வண்டி எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பி, என் மாணவியின் ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துத் திருத்திய நண்பர், நைட் டூட்டி சிஸ்டர்கள், ரசமும் இட்லியும் அனுப்பிய வீடுகள், எல்லோருக்கும் சேர்த்துக் கைகூப்புகிறேன். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத இன்னும் தெம்பு வரவில்லை.

ஒன்று உறுதி செய்துகொண்டேன். ருத்தேனியம் என்ற உலோகத்தைப் பற்றிய என் மாணவியின் கட்டுரை தயாராகிறது. அதன் நன்றியுரையில், நிதி தந்தவர்களுக்கு அடுத்த வரியிலேயே, எங்களுக்குக் குடுவை கழுவித் தந்த லேப் அட்டெண்டர் பெயரும் ஸ்டோர்ஸ்காரர் பெயரும் இருக்கும். இனி என் பெயர் வருகிற எந்தக் கட்டுரையும் அந்த வரி இல்லாமல் வெளியே போகாது. அப்புறம், வார்டுக்குக் கண்ணாடி டம்ளர்கள் வாங்கிக் கொடுக்கவும் ஏற்பாடு நடக்கிறது. சேர நினைப்பவர்கள் சொல்லுங்கள்.

கொஞ்ச நாள் கூட்டம் வேண்டாம் என்கிறார் டாக்டர். நேரில் வராமல் போன் பண்ணுங்கள். மருந்தால் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசுங்கள்.